கடலடிக் கம்பியும் துணிக்கடைக் கதவும்

சரக்குக்குக் கப்பலை எதிர்நோக்கிப் பழகிய அந்தமானுக்கு 2020 ஆகஸ்ட் 10 அன்று வேறொரு வழியும் திறந்தது. சென்னையையும் போர்ட் பிளேரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வேறு ஏழு தீவுகளையும் இணைத்து, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி இயங்கலாயிற்று. அங்கு வாழும் நம் தமிழர் இணையக் கடையில் புடவை தேர்வதும் எளிதாயிற்று.

ஆனால், பார்வையற்றவருக்கு? அவர் கைப்பேசி எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும். புடவைப் படத்துக்கு விளக்கம் எழுதாவிடிலோ, 'படம்' என்று மட்டுமே சொல்லும். கடைத்தெருவில் "கரை என்ன நிறம்?" என்று கேட்டால் வாய் ஓயாமல் விளக்கும் நம் வணிகர், இணையத்தில் ஊமையாகிவிடுவது விந்தையே.

2006-இல் அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு, துணிமணியும் விற்கும் டார்கெட் அங்காடிமீது இதற்காகவே வழக்குத் தொடுத்தது. 2008-இல் 60 லட்சம் டாலர் உடன்பாட்டில் அது முடிந்தது. பின்னர் அங்கே ஆடை வணிகர் பலர் நீதிமன்றப் படி ஏறினர்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. எனினும் 2017-இல் வகுத்த அணுகல் விதி வெறும் அறிவுரையாகவே நின்றது. பார்வைக் குறையுடைய ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, தமிழகத்தவரான நீதிபதி ஆர். மகாதேவன் எழுதிய தீர்ப்பு, இணைய அணுகலை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்தது. அது வங்கிக் கணக்குத் தொடங்குவது முதலியவை பற்றி எழுந்த வழக்கு, ஆடைக்கடை பற்றியதன்று. ஆயினும், கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அந்தமான் அமர்வில் ஒருவர் முறையிட நேர்ந்தால், அவர் முதலில் எடுத்துக்காட்டத் தக்கது அத்தீர்ப்பே.