பெயர் எழுதிய படங்கள்

1945 ஆகஸ்ட் இறுதியில் வில்லி குரோக் என்பவர் பிராக் நகரத்து யூதச் சமூகத்தாரிடம் இரண்டு பெட்டிகளை ஒப்படைத்தார். அவற்றுள் சிறுவர் சிறுமியர் வரைந்த ஏறத்தாழ 4,500 படங்கள் இருந்தன. போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. படங்களை வரைந்தவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிருடன் இல்லை. வரையக் கற்பித்த ஆசிரியையும் இல்லை.

அந்தப் படங்கள் தெரேசின் என்னும் ஊரிலிருந்து வந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜோசப் மன்னன் தன் தாய் மரியா தெரேசாவின் பெயரால் கட்டிய கோட்டை நகரம் அது. 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக மாற்றினர். சில ஆயிரம் பேருக்கென அமைந்த ஊரில் 1942இல் 50,000க்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். பலருக்கு அது கிழக்கே உள்ள கொலைக்களங்களுக்குச் செல்லும் வழியில் ஒரு தங்கல் மட்டுமே. அங்கே குழந்தைகளுக்கு முறையான பள்ளிக்கல்வி தடைசெய்யப்பட்டிருந்தது. பாட்டும் சித்திரமும் கைவேலையும் மட்டும் அனுமதிக்கப்பட்டன. சித்திரத்தால் என்ன ஆகிவிடும் என்று அதிகாரம் எண்ணியிருக்க வேண்டும்.

1942 டிசம்பரில் அங்கு கொண்டுவரப்பட்டவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1898இல் வியன்னாவில் பிறந்தவர். அவருடைய கல்வியை அறிந்தால்தான் அவர் நடத்திய வகுப்பு விளங்கும். வியன்னாவில் 1897ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கெனத் தனி ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃப்ரான்ஸ் சிசெக்கிடம் அவர் பயின்றார். பெரியவர்களின் படங்களைப் பார்த்துக் குழந்தைகள் பிழையின்றி நகலெடுப்பதே சித்திரக் கல்வி என்றிருந்த காலத்தில், குழந்தையின் கோட்டுக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு என்று சொன்னவர் சிசெக். பின்னர் ஃப்ரீடல் ஜோஹன்னஸ் இட்டனின் மாணவியானார். 1919இல் அவரைப் பின்பற்றி வைமார் நகரின் பௌஹவுஸ் பள்ளிக்குச் சென்றார். இட்டனின் வகுப்பு மூச்சுப் பயிற்சியோடும் உடலசைவோடும் தொடங்கும். கோடு கையில் பிறப்பதற்கு முன் உடலில் பிறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

துணி நெசவு, நாடக அரங்கு, அறைக்கலன், கட்டட உள்ளமைப்பு எனப் பல துறைகளில் உழைத்த ஃப்ரீடல், இடதுசாரி அரசியலுக்காக 1934இல் வியன்னாவில் கைது செய்யப்பட்டார். விடுதலைக்குப் பின் பிராக் சென்று அகதிகளின் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். அங்கே அவருக்குத் துணைநின்ற மாணவி ஈடித் கிராமர், பின்னாளில் நியூயார்க்கில் ஓவியவழிச் சிகிச்சைத் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். ஆக, தெரேசினுக்கு வந்து சேர்ந்தபோது ஃப்ரீடலிடம் முழுமையாகக் கனிந்த ஒரு கற்பித்தல் முறை இருந்தது.

அந்த முறையை அவர் பற்றாக்குறைக்கு ஏற்ப வளைத்தார். தாள் கிடையாது. அலுவலகங்களில் கழித்த படிவங்களின் பின்புறமும் பொட்டலம் கட்டிய காகிதமும் தாளாயின. அச்சடித்த கணக்குப் படிவங்களைக் கிழித்து ஒட்டி ஒட்டுச்சித்திரம் செய்யவைத்தார். ஒரு தாளத்தைத் தட்டிக்காட்டி, அதற்கேற்பக் கோடுகளை இழுக்கச் சொன்னார். பழைய ஓவிய மேதைகளின் படங்களைக் காட்டி, அவற்றின் ஒளியையும் இருளையும் மட்டும் பிரித்து வரையச் சொன்னார். 1943இல் அந்தப் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. அதே ஆண்டில் குழந்தைகளின் சித்திரம் பற்றி அவர் ஓர் உரையும் நிகழ்த்தினார். எல்லாக் குழந்தைகளையும் ஓவியராக்குவது நோக்கமன்று, அவர்களுக்குள் இருக்கும் ஆக்க ஆற்றலை விடுவித்துக் காப்பதே நோக்கம் என்பதும், பெரியவர்கள் தம் பாதையை அவசரமாகக் குழந்தைமேல் சுமத்தலாகாது என்பதும் அதன் சாரம்.

இப்படங்களைக் காண்போர் பெரும்பாலும் அவற்றில் கொடுமையின் சாட்சியத்தைத் தேடுகிறார்கள். அடுக்குக் கட்டில்களும் உணவுக்கான வரிசையும் சில படங்களில் உண்டுதான். ஆனால் மிகுதியானவை பூச்சாடி, வீடு, மேசை, மரம், விலங்கு. அவற்றைக் கண்டு, துன்பத்திலிருந்து கற்பனைக்குத் தப்பியோடினர் என்று சொல்வதும் எனக்கு அரைகுறை விளக்கமாகவே படுகிறது. அவை வகுப்புப் பாடங்கள். ஒரு பூச்சாடியின் வளைவைக் கண்டுகொள்ள ஒரு குழந்தை எடுத்துக்கொண்ட முயற்சி அவற்றில் பதிந்திருக்கிறது. அக்குழந்தைகளை இறந்தவர்களாக மட்டுமே நினைவுகூர்வது, அவர்களைக் கொன்றவர்களின் கணக்கையே நாமும் திருப்பிப் படிப்பதாகும். அவர்கள் மாணவர்களாகவும் இருந்தார்கள்.

இதற்குச் சான்று படங்களின் ஓரத்திலேயே இருக்கிறது. வரைந்தவர் தம் பெயரை எழுத வேண்டும் என்று ஃப்ரீடல் வற்புறுத்தினார். தெரேசினுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு போக்குவரத்து எண் உண்டு. அதிகாரத்தின் ஏடுகளில் மனிதர் அந்த எண்ணாகவே நகர்ந்தனர். அந்த எண்களின் நடுவே, கோணல்மாணலான கையெழுத்தில் ஒரு குழந்தை தன் படத்துக்கு உரிமை கொண்டாடியது. வீழ்ந்தவன் பெயரைப் பிறர் பொறிக்கும் நடுகல் மரபு நாம் அறிந்தது. இங்கே குழந்தைகள் தம் பெயரைத் தாமே எழுதிவைத்தார்கள். எந்தப் படம் யாருடையது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டறிய வழிசெய்தவை அந்தக் கையெழுத்துகளே.

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு தெரேசினைப் பார்வையிட வந்தது. அதற்காக ஊரே வெள்ளையடித்து ஒப்பனை செய்யப்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில் வண்டிகள் மீண்டும் புறப்பட்டன. செப்டம்பர் இறுதியில் கணவர் பவெல் அனுப்பப்பட்டார். அவரைத் தொடர்ந்து செல்ல ஃப்ரீடல் தாமே பெயர் கொடுத்தார். அக்டோபர் 6 அன்று புறப்பட்டவர், 9ஆம் நாள் பிர்கெனாவில் கொல்லப்பட்டார். பவெல் உயிர்பிழைத்தார். ஃப்ரீடல் விட்டுச்சென்ற படங்களைச் சிறுமியர் விடுதியில் இருந்தவர்கள் பாதுகாத்து, போர் முடிந்தபின் குரோக்கின் கையில் சேர்த்தனர்.

இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தின் உடைமை. பிங்காஸ் தொழுகைக் கூடத்தின் சுவர்களில் போஹிமிய, மொராவியப் பகுதிகளைச் சேர்ந்த, கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. படியேறி மேல்தளம் சென்றால் இக்குழந்தைகளின் படங்கள். கீழே இருப்பவை பிறர் எழுதிய பெயர்கள். மேலே, ஓர் ஆசிரியை கேட்டுக்கொண்டதற்காகக் குழந்தைகள் தம் கையாலேயே எழுதிய பெயர்கள்.