நடுநிலைப் பள்ளியில் மொழியும் விஞ்ஞானமும்

பள்ளி ஆண்டு முடிந்து மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும் நாளில், பெற்றோராகிய நாம் முதலிற் பார்ப்பது எண்களையே. “விஞ்ஞானத்தில் எத்தனை? மொழியில் எத்தனை?” என்று கேட்கிறோம். “இவ்வாண்டு என்ன செய்யக் கற்றாய்?” என்று கேட்பவர் நம்முள் மிகச் சிலரே. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மூன்று ஆண்டுகள், பிள்ளை பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் நிலையைக் கடந்து, தானே சிந்திக்கத் தொடங்கும் பருவம். அப்பருவத்தின் முடிவில் அப்பிள்ளை எதைச் செய்ய வல்லதாய் இருத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு நம் நாடு அவ்வப்போது விடை கண்டிருக்கிறது. அவ்விடைகளின் வரலாறு, தாயகம் விட்டு வந்து வாழும் நமக்குத் தனிப் பயன் தருவதாகும்.

கல்வியின் பயனை அளக்க ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு முறை இருந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் மாணவரைச் சோதிப்பார். தேறியோர் தொகைக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். 1882 ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் தொடக்கக் கல்விக்கு இம்முறையை ஆதரித்தது. விளைவு யாது? ஆசிரியரின் பிழைப்பு ஆய்வாளர் வரும் அந்த ஒரு நாளைச் சார்ந்து நின்றது. ஆய்வாளர் கேட்கக் கூடியதே பாடமாயிற்று, நெட்டுருவே கல்வியாயிற்று. 1904 ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் செய்தது. கற்றலின் இலக்கைப் பணத்தோடு பிணைத்தால் இலக்கே சிதைந்துவிடும் என்பது அக்காலம் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

அதன்பின் வந்த பெருமுயற்சி 1937 ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் தொடங்கியது. காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாடு, ஏழாண்டுக் கல்வி அனைவருக்கும் இலவசமாகவும் கட்டாயமாகவும் தாய்மொழி வாயிலாகவும் அமைதல் வேண்டும் என்றும், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பாடங்கள் இயங்குதல் வேண்டும் என்றும் முடிவு செய்தது. விவரங்களை வகுக்க டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவில் தமிழர் இருவர் இடம்பெற்றிருந்தனர் என்பதை நம்மவர் பலர் அறியார். ஒருவர், தஞ்சையிற் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. மற்றவர், இலங்கையிற் பிறந்து, தாகூரின் சாந்திநிகேதனத்திற் பணிபுரிந்து, பின் வார்தாவைத் தம் இல்லமாக்கிக் கொண்ட ஆரியநாயகம். 1938 இல் தோன்றிய இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் உழைத்தவரும் அவரே.

1937 டிசம்பரில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, ஆசிரியர் எதைப் போதிக்க வேண்டும் என்று சொல்வதோடு நில்லாமல், ஏழாண்டு முடிவில் மாணவர் எதைச் செய்தல் கூடும் என்பதையும் வரிசைப்படுத்தியது. தாய்மொழியில் அது வேண்டியவை இவை: தன்னைச் சூழ்ந்த பொருள்களையும் மனிதரையும் நிகழ்ச்சிகளையும் பற்றித் தயக்கமின்றி உரையாடுதல், செய்தித்தாள், சஞ்சிகை போன்றவற்றை வாய்விடாமல் விரைந்து படித்துப் பொருள் கொள்ளுதல், உரைநடையையும் செய்யுளையும் உணர்ச்சியோடு உரக்கப் படித்தல், அகராதியையும் நூலகத்தையும் பயன்படுத்துதல், கடிதம் எழுதுதல், ஊர்க் கூட்டம் ஒன்றின் நடவடிக்கையைத் தெளிவாக எழுதித் தருதல். விஞ்ஞானத்தில் வேண்டியவையும் இவ்வாறே எளியவை: இயற்கையை அறிவோடும் ஈடுபாட்டோடும் நோக்குதல், பிழையின்றிக் கவனித்தல், கண்டதைச் சோதனையால் சரிபார்த்தல், மக்கள் வாழ்வுக்கு உதவும் விஞ்ஞான உண்மைகளை உணர்தல், உண்மைக்காகத் தியாகம் செய்த விஞ்ஞானிகளின் வாழ்க்கையை அறிதல்.

இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். கண்டதைப் பிழையின்றிக் காணுதல் விஞ்ஞானம். கண்டதைப் பிழையின்றிச் சொல்லுதல் மொழி. ஒன்று இல்லையேல் மற்றொன்று குறையுடையதே.

இத்துணைச் சிறந்த திட்டம் ஏன் நாடெங்கும் வேரூன்றவில்லை? மாணவர் செய்யும் பொருளின் விற்பனையால் பள்ளிச் செலவு ஈடாக வேண்டும் என்ற கருத்தைப் பலர் எதிர்த்தனர். போரும் 1942 ஆம் ஆண்டின் போராட்டமும் பணியைக் குலைத்தன. எல்லாவற்றினும் மேலாக, படித்த நகரத்தார் இதனை ஏழைக் கிராமத்துக்குரிய கல்வி என்று கருதித் தம் மக்களை வேறு பள்ளிகளுக்கு அனுப்பினர். அந்நகரத்தாருள் நம் முன்னோரும் இருந்திருப்பர். இதனை ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

விடுதலைக்குப் பின், டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு 1953 இல் நடுநிலை வகுப்புகளுக்குப் பொது விஞ்ஞானத்தை வகுத்தது. 1966 இல் அறிக்கை தந்த கோத்தாரிக் குழு, முதற் பத்தாண்டுக் கல்வியில் விஞ்ஞானமும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயம் என்றது. பாடம் வந்தது, ஆயின் சோதனை வரவில்லை. கரும்பலகையில் வரைந்த குடுவையைப் பார்த்தே பல இலட்சம் மாணவர் விஞ்ஞானம் பயின்றனர்.

இக்குறையைப் போக்க எழுந்ததே ஹோஷங்காபாத் முயற்சி. இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள அம்மத்தியப் பிரதேச மாவட்டத்தில், 1972 இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர் கிராம நிலையம் ஆகிய இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதனைத் தொடங்கின. 1978 இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் பொறுப்பேற்றது. மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து தாமே சோதனை செய்தனர். கண்டதைத் தம் சொந்த இந்தியில் எழுதினர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதி இருந்தது. ஏனெனில் நினைவாற்றலை அன்று, சிந்தனையையே அத்தேர்வு சோதித்தது. முப்பதாண்டு நடந்த இம்முயற்சியை 2002 இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. எனினும் அதன் சுவடு பின்னாளைய பாடநூல்கள் பலவற்றிற் காணப்படுகிறது.

2017 ஆம் ஆண்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் திருத்தப்பெற்று, வகுப்புவாரியாகக் கற்றல் விளைவுகள் வேண்டும் என்பது விதியாயிற்று. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு அவற்றை வெளியிட்டது. மொழிப் பகுதியில் அந்நூல் இந்தி, ஆங்கிலம், உருது ஆகியவற்றுக்கு விளைவுகளை வகுத்தது. தமிழுக்கு அதில் இடமில்லை. பிற மொழிகளுக்கு வகுத்தல் அந்தந்த மாநிலத்தின் கடமை என்பது இயல்பே. ஆனால் தமிழகத்துக்கு வெளியே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அவ்விளைவுகளை வகுப்பவர் யார்? நம் குடியிருப்பின் பிள்ளைகள் நிலவின் பிறையையும் விதையின் முளையையும் பள்ளியிற் கற்கின்றனர். அவற்றைப் பாட்டியிடம் தமிழில் விளக்கச் சொன்னால் இரண்டாம் வாக்கியத்திலேயே தடுமாறுகின்றனர். குறை அவர்களுடையதன்று.

அப்பொறுப்பு வீட்டினுடையது, அடுத்து, சங்கத்தினுடையது. புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1937 ஆம் ஆண்டின் வரிசையே போதும். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஊருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதட்டும். தமிழ் நாளிதழில் ஒரு செய்தியைப் படித்துப் பொருள் சொல்லட்டும். மாடித் தொட்டியில் தான் நட்ட அவரை வளர்ந்த கதையை நாள்தோறும் தமிழிற் குறிக்கட்டும். இவ்வாண்டு விழாவின் நடவடிக்கைக் குறிப்பை நம் பிள்ளைகளுள் ஒருவரே எழுதி, அடுத்த கூட்டத்தில் படிக்கட்டும். பிழை இருப்பின் திருத்துவோம்; பரிசும் மதிப்பெண்ணும் வேண்டா. அடுத்த ஆண்டு மலரில் அப்பிள்ளைகளின் எழுத்து இடம்பெறுமாயின், வார்தாவில் அமர்ந்து அவ்வரிசையை வகுத்தவர்களின் உழைப்பு ஒருவாறு பயன் பெற்றதாகும்.