கூட்டருகே காத்திருந்த கமரா

பறவையை அறிய விரும்பியவன் முதலில் அதனைச் சுட்டு வீழ்த்த வேண்டும் என்பதே ஒரு காலத்தின் நியதியாக இருந்தது. இலங்கைப் பறவைகளைப் பற்றி லெக் என்னும் படை அதிகாரி எழுதிய பெருநூல் 1880ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதன் அழகிய வண்ண ஓவியங்கள் உயிரற்ற பறவைகளின் பதப்படுத்திய தோல்களைக் கொண்டு வரையப்பட்டவை.

இந்நியதியை மாற்றியவர்களுள் முன்னின்றோர் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் சகோதரர் இருவர். 1892ஆம் ஆண்டு முட்டைகளோடு கூடிய பறவைக் கூடொன்றை அவர்கள் படம்பிடித்தனர். 1895இல் வெளியான அவர்களது நூல் முழுவதும் இத்தகைய நிழற்படங்களையே தாங்கி நின்றது. அக்காலக் கமராவோ பாரமானது. கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய நேரமும் வேண்டும். பறந்து திரியும் புள்ளைவிட அசையாத கூடே அதற்கு இசைந்தது. பறவையின் அச்சத்தைப் போக்க, மாட்டுத் தோலைச் சட்டத்தில் போர்த்திய பொய் எருதின் உள்ளே நின்றும் அவர்கள் காத்திருந்தனர்.

தமிழருள் இக்கலையிற் சிறந்தவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்த இவர், கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே கானுயிர்களின் வாழ்வைக் காட்டினார். 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றி இடையறாது எழுதினார்.

கல்முனையிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்று, பொத்துவிலையும் பாணமையையும் கடந்தால் குமண வருகிறது. 1938இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்தின் வில்லுக் கண்டல் மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. போர்க்காலத்தில் நெடுநாள் மூடப்பட்டிருந்த அவ்வனம் 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. கமரா ஏந்தியோரும் அங்கே வருகின்றனர்.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. துப்பாக்கி செய்த கேட்டைக் கமராவும் செய்யக்கூடும். நெருங்கி வரும் மனிதனுக்கு அஞ்சித் தாய்ப்பறவை கூட்டை விட்டகன்றால், சிறகு முளையாத குஞ்சு நம் நாட்டு வெயிலில் வாடி மடியும். காகமும் தருணம் பார்த்திருக்கும். கியர்ட்டன் சகோதரர் எருதின் வயிற்றுள் ஒடுங்கி நின்றது படத்திற்காக மட்டும் பயன்படவில்லை. பறவை தன் கூட்டிலேயே தங்கவும் அது வழி செய்தது. இன்று தொலைவிலிருந்தே படமெடுக்கும் வில்லைகள் உள்ளன. ஆதலால் அருகே செல்லாதிருப்பது முன்னையிலும் எளிது. படம் கிடைத்த பின்னரும் கூடு நிறைந்திருப்பதே இக்கலையின் வெற்றியாகும்.