மூன்று சக்கரச் சிறுதேர்

திறந்த வெளியில் அடுப்புக் கூட்டுகிறவள் மூன்று கல்தான் வைக்கிறாள். நான்கு வைத்தால் ஏதாவது ஒரு கல் பானையைத் தொடாமல் சும்மா நிற்கும், பானையும் ஆடும். மூன்று கல் எத்தனை கோணலாக இருந்தாலும் பானை மூன்றின் மேலும் உட்கார்ந்துவிடும். க்ஷேத்திர கணிதம் படித்தவர் இதற்குக் காரணம் சொல்வார். அடுப்புக் கூட்டுகிறவள் காரணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

குழந்தையை வைத்துத் தள்ளும் மூன்று சக்கர வண்டி இன்று பெரிய கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. இளம் தம்பதிகள் அதன் எதிரே நின்று, "இது புது மாதிரி போலிருக்கிறதே, நான்கு சக்கரம் நல்லதா, மூன்று நல்லதா?" என்று விவாதிக்கிறார்கள். புது மாதிரியாவது ஒன்றாவது! நூற்றெழுபது வருஷத்துப் பழைய சங்கதி. இடையில் காணாமற் போய், மறுபடி வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. அந்தப் போக்குவரத்தைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் எதை நம்புவது என்பதும் ஓரளவு விளங்கும்.

குழந்தை வண்டியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1733இல் ஆரம்பிப்பார்கள். இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கலைஞர் ஒரு வண்டி செய்து கொடுத்தார். மாளிகைகளும் தோட்டங்களும் அமைத்துப் பேர் வாங்கியவர் அவர். கிளிஞ்சல் வடிவத்தில் ஆசனம். பிரபுவின் குடும்பச் சின்னம் பாம்பு என்பதால் வண்டியிலும் பாம்பு வேலைப்பாடு. இழுப்பதற்கு ஆடு அல்லது குட்டைக் குதிரை. இதில் தாய்க்கு வேலையே இல்லை. பெரியவர்களின் சாரட்டைச் சிறிதாக்கிக் குழந்தைக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி வண்டியில் ஒரு பெரிய குறை உண்டு. இழுக்கிறது ஆடானாலும் தாதியானாலும் முன்னால் போகும். குழந்தை பின்னால் இருக்கும். அது கீழே விழுந்தாலும் இழுக்கிறவளுக்குத் தெரியாது. தெரியவரும்போது பத்தடி தள்ளி அழுகைச் சத்தம் கேட்கும்.

ஆகவே, கைப்பிடியை முன்னாலிருந்து பின்னால் மாற்றியவனைத்தான் நான் உண்மையான கர்த்தா என்று சொல்வேன். கேட்கச் சின்ன மாற்றம். ஆனால் குழந்தை கண் முன்னால் வந்துவிட்டது.

அந்தப் பெருமையைச் சார்லஸ் பர்ட்டன் என்பவருக்குத் தருகிறார்கள். அவர் முதலில் நியூயார்க்கில் தள்ளுவண்டியைத் தெருவில் விட்டதாகவும், பாதசாரிகள் "காலில் இடிக்கிறது" என்று கூச்சல் போட்டதாகவும், மனம் சலித்து லண்டனுக்கு வந்ததாகவும் சொல்வதுண்டு. எப்படியோ, 1853இல் லண்டனில் அவர் தம் வண்டிக்குப் பேடண்ட் வாங்கினார். அதற்குப் பெயர் பெராம்புலேட்டர். பழைய பெயரைத்தான் எடுத்து ஒட்டவைத்தார்கள். அதற்கு முன் பெராம்புலேட்டர் என்றால், நிலம் அளக்கிறவர் சாலையில் உருட்டிக்கொண்டு போகும் ஒற்றைச் சக்கரக் கருவி. நம் நாட்டுச் சாலைகளைக் கும்பெனியின் சர்வேயர்கள் அதைக் கொண்டுதான் அளந்தார்கள். ஊரளக்கும் கருவியின் பெயரைக் குழந்தையின் வண்டிக்கு வைத்தவர் ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அக்காலத்துப் பெராம்புலேட்டர்களில் மூன்று சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. குழந்தை தள்ளுகிறவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்காருவது போல் முன்னோக்கி உட்காரும். ஏன் மூன்று? இங்கே ஒரு சுவையான கதை வழங்குகிறது. 1835ஆம் வருஷத்து இங்கிலாந்து நெடுஞ்சாலைச் சட்டம், நடைபாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. நான்கு சக்கரம் இருந்தால் வண்டி. மூன்று இருந்தால் வண்டி அல்ல. ஆகவே சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு சக்கரத்தைக் குறைத்தார்கள் என்பது கதை. பல புத்தகங்களில் இது வருகிறது. எனக்கு இதில் பூரண நம்பிக்கை இல்லை. அந்தச் சட்டத்தின் வாசகத்தில் குதிரை, கழுதை, ஆடு, பன்றி எல்லாம் வருகின்றன. எந்த விதமான வண்டியும் கூடாது என்று வருகிறது. சக்கரக் கணக்கு மட்டும் வரவில்லை. குழந்தை வண்டியும் ஒரு வண்டிதானா, அதற்கு நடைபாதையில் இடமுண்டா என்ற சண்டை நடந்தது வாஸ்தவம். ஆனால் சக்கரத்தை எண்ணிப் பார்த்து நீதி வழங்கியிருப்பார்கள் என்பது கொஞ்சம் அதிகம்.

தச்சனைக் கேட்டிருந்தால் எளிய காரணம் சொல்லியிருப்பான். அன்றைய சக்கரம் அச்சில் நேராக நிற்கும், பக்கவாட்டில் திரும்பாது. நான்கு சக்கரத்தைத் தெருமுனையில் திருப்புவதென்றால் முன்பக்கம் முழுவதையும் தூக்க வேண்டும். முன்னால் ஒற்றைச் சக்கரமானால் கைப்பிடியைக் கொஞ்சம் அமுக்கினால் போதும். அது தரையை விட்டு எழும். வண்டியை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். சட்டம் என்ன சொன்னாலும் தாதியின் மணிக்கட்டு இதைத்தான் சொல்லும்.

சண்டை எதைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை நடைபாதை, கைவீசி நடக்கிற ஆண்களுக்கு ஏற்ற இடமாக இருந்தது. குழந்தை பெற்றவள் வீட்டிலே இருப்பாள், அல்லது இடுப்பு வலிக்க அதைச் சுமப்பாள். திடீரென்று அவள் சக்கரத்தோடு வெளியே வந்து, "கொஞ்சம் வழிவிடுங்கள்" என்றாள். கூச்சலுக்குக் கால் வலி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

அடுத்த கட்டத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். உட்காரத் தெரியாத பச்சைக் குழந்தையையும் வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை வந்தது. படுக்க வைக்க வேண்டுமானால் தொட்டில் போல் நீண்ட வண்டி வேண்டும். நீண்ட வண்டிக்கு நான்கு சக்கரம் வேண்டும். மூன்று சக்கரம் மெல்ல மறைந்தது. 1877இல் லீட்ஸ் நகரத்தில் வில்லியம் வில்சன் என்பவர் தொடங்கிய சில்வர் கிராஸ் கம்பெனி, சாரட்டைப் போல் வில் வைத்த கம்பீரமான வண்டிகளைச் செய்தது. 1889இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வில்லியம் ரிச்சர்ட்ஸன் வாங்கிய பேடண்டில், தொட்டிலைத் திருப்பி வைத்துக் குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும்படி செய்யலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கிடையில், மூன்று சக்கரத்துக்கு இன்னொரு மூலையிலிருந்து ஓர் உதவி கிடைத்தது. பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியர் இருந்தார். அவருடைய சிறுவனின் மூன்று சக்கர சைக்கிள் கற்சாலையில் தடதடவென்று குலுக்கியது. ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். 1888இல் அதற்குப் பேடண்ட். அவருக்கு முன்பே தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனையைப் பதிவு செய்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் உலகம் காற்று டயரில் ஓட ஆரம்பித்தது டன்லப்புக்குப் பிறகுதான். ஒரு பையனின் முதுகு வலிக்கக் கூடாதென்று கட்டிய குழாய்!

நம்மவர்களுக்கு மூன்று சக்கரம் புதிதா? பட்டினப்பாலையைப் படித்தவர்கள் சிரிப்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மேல் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தப் பொற்குழை, குழந்தைகள் உருட்டி வரும் மூன்று கால் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. அதே புலவர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேரை உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலியிடம் பாலருந்தித் தூங்குவதைச் சொல்கிறார். இன்றும் திருவிழாக் கடைகளில் விற்கிற மர நடைவண்டி அந்தத் தேரின் வம்சந்தான். ஆனால் ஒரு வித்தியாசம். நம் சிறுதேரில் குழந்தை ஏறுவதில்லை. அது பின்னால் நின்று தள்ளுகிறது. அங்கே குழந்தையைச் சுமக்க வண்டி செய்தார்கள். இங்கே குழந்தைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கச் செய்தார்கள். சுமப்பதற்கு இங்கே பாட்டி, அத்தை, சித்தி என்று எத்தனையோ இடுப்புகள் இருந்தன.

மேல்நாட்டில் அந்த இடுப்புகள் குறையக் குறைய வண்டியின் பாரம் பிரச்னையாயிற்று. தாதியும் இல்லை, மாடி வீடு, பஸ்ஸில் ஏற வேண்டும். ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் எஞ்சினீயர், யுத்த காலத்து ஸ்பிட்பயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். விமானம் மேலே போனதும் மடங்கி உள்ளே போகும் கால்கள் அவை. ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டிலிருந்து மகள் பேரக் குழந்தையோடு வந்தாள். கனமான தள்ளுவண்டியோடு அவள் படும் பாட்டைப் பார்த்தார். அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடை போல மடங்கும் வண்டி ஒன்றை வரைந்து 1965இல் பேடண்டுக்குக் கொடுத்தார். 1967இல் அது கடைக்கு வந்தது. எடை ஆறு ராத்தல்! ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி. இதைவிடத் தாய்மார்களுக்கு உபகாரம் செய்த விமான எஞ்சினீயர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்று சக்கரம் திரும்பி வந்தது 1984இல். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா என்ற ஊரில் பில் பெக்லர் என்ற பத்திரிகைக்காரர் இருந்தார். ஓடுவதில் பித்து, வீட்டிலே கைக்குழந்தை. இரண்டையும் விட மனமில்லை. சாதாரணத் தள்ளுவண்டியை ஓடிக்கொண்டே தள்ளினால் சின்னச் சக்கரங்கள் கல்லில் சிக்கி நிற்கும். ஆகவே குழாயை வளைத்து, சைக்கிள் சக்கரங்களைப் பூட்டி, முன்னால் ஒன்று பின்னால் இரண்டாக ஒரு வண்டி கட்டினார். வீட்டில் கட்டிய வண்டி பிறகு வியாபாரமாயிற்று; ஓட்டப் பந்தயங்களிலே தகப்பன்மார் அதைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இதில் முன் சக்கரம் திரும்பாது. நேரே ஓடுவதற்கு அதுதான் நல்லது. வேகத்தில் திரும்பும் சக்கரம் நடுங்க ஆரம்பித்துவிடும். ஆனால் காய்கறிக் கடையில் அலமாரிகளுக்கு நடுவே திருப்ப வேண்டுமானால் லண்டன் தாதியைப் போலக் கைப்பிடியை அமுக்கித் தூக்க வேண்டியதுதான். நூற்று முப்பது வருஷம் கழித்து அதே மணிக்கட்டு வேலை! இப்போது வரும் பல வண்டிகளில் முன் சக்கரம் கடைக்குள் சுழலும், ஓடும்போது பூட்டிக்கொள்ளலாம். வாங்குகிறவர்கள் அந்தப் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

இன்னும் சிலவற்றையும் பார்க்க வேண்டும். அடுப்புக் கல் நியாயம் ஆட்டத்துக்குத்தான் பதில் சொல்லும், கவிழ்வதற்குச் சொல்லாது. முன்பக்கம் ஒற்றைச் சக்கரமாதலால் வண்டியின் பிடிமானம் முக்கோணம். முன் மூலைகள் இரண்டும் வெறும் காற்று. வேகமாகத் திருப்பினாலும், நடைபாதை விளிம்பில் ஒரு பக்கம் இறங்கினாலும், அந்த மூலைப் பக்கம் சாயும். ஆகவே பின் சக்கரங்கள் நன்றாக அகன்றிருக்க வேண்டும், ஆசனம் தாழ இருக்க வேண்டும். அகன்றால் வீட்டு வாசலில் நுழையுமா என்று அளந்துகொண்டு கடைக்குப் போவது புத்திசாலித்தனம். கைப்பிடியில் மளிகைப் பையை மாட்டுவது பின்னால் குப்புறத் தள்ளுவதற்கு நிச்சயமான வழி. ஆறு மாதமாவது ஆகி, கழுத்து நன்றாக நின்ற பிறகே குழந்தையை வைத்துக்கொண்டு ஓடலாம் என்கிறார்கள். சிலர் எட்டு மாதம் என்கிறார்கள். நான் எட்டின் பக்கம்.

பிரேக்கைப் பற்றிச் சிக்கனம் கூடாது. பெரிய சக்கரம் சுலபமாக உருளும் என்பது அதன் பெருமை. யாரும் தள்ளாமலே உருளும் என்பது அதன் ஆபத்து. 2009 அக்டோபரில் மெல்போர்ன் நகரத்து ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில், தாய் ஒரு கணம் கையை எடுத்தாள். வண்டி தானே உருண்டு பிளாட்பாரத்தைத் தாண்டி, வருகிற ரயிலின் முன்னால் விழுந்தது. குழந்தை தலையில் சிறு அடியோடு பிழைத்தது. நிலையத்துக் காமிரா படம் பிடித்ததை உலகமே பார்த்து மூச்சை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் அதற்கு முந்தின வருஷமே, தள்ளுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வார் ஒன்றும், சிவப்பு நிறப் பிரேக் நெம்புகோலும் கட்டாயமாக்கப்பட்டிருந்தன. வார் இருந்தால் போதாது, மாட்டிக்கொள்ளவும் வேண்டும். 2018இல் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு கம்பெனியின் மூன்று சக்கர வண்டிகளின் மேல் வழக்கே தொடர்ந்தது. முன் சக்கரத்தைச் சட்டென்று கழற்ற வைத்திருந்த வசதி, ஓடும்போதும் சட்டென்று கழன்றுவிடுகிறது என்று இருநூறு அளவில் புகார்கள். நான்கில் ஒன்று கழன்றால் வண்டி தத்தளிக்கும். மூன்றில் முன்னது கழன்றால் மூக்கு நேரே தரையில்தான். கழற்றி மாட்டியபின் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்ப்பதற்கு இரண்டு விநாடி போதும்.

எல்லாம் சரியாக இருக்கிற வண்டியிலும் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஓடுவதற்கென்று செய்த மூன்று சக்கர வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் குழந்தை முன்னோக்கித்தான் உட்காருகிறது. ரிச்சர்ட்ஸன் திருப்பி வைத்ததைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். 2008இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸீடிக் தெருவில் போகிற தாய்மார்களைக் கவனிக்கச் செய்து கணக்கெடுத்தார். முகம் பார்க்கிற வண்டியைத் தள்ளுகிறவர்கள் குழந்தையோடு பேசிக்கொண்டு போவது, முதுகு காட்டும் வண்டியில் பேசுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். பாட்டியின் இடுப்பில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. குழந்தை வாயில் விரல் வைத்தால் அவள் இரண்டு வார்த்தை சொல்வாள்.

வண்டி செய்கிறவர்களும் இதை உணராமல் இல்லை. கூரைத் துணியில் ஒரு சதுரம் வெட்டி, கண்ணாடித் தாள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தள்ளுகிறவர் அதன் வழியே குனிந்து பார்த்தால் குழந்தையின் உச்சந்தலை தெரியும், தூங்குகிறதா என்று தெரியும். குழந்தை அண்ணாந்து பார்த்தால்தான் அவள் முகம் தெரியும், அதுவும் தலைகீழாக.