வெள்ளியில் பதிந்த தெய்வங்கள்

பண்டைய கிரேக்கரின் வெள்ளிக் காசுகளில் மதிப்பைக் குறிக்கும் எண்ணோ எழுத்தோ பெரும்பாலும் இருப்பதில்லை. எடையே அவற்றின் மதிப்பு; உருவமே அவற்றின் முகவரி. அந்நாளில் கிரேக்க நாடு என்று ஓர் அரசு இருந்ததில்லை. மலைகளாலும் கடலாலும் பிரிந்து கிடந்த நகரங்கள் பல தனியரசுகளாக விளங்கின. தத்தம் காசுகளைத் தாமே அடித்துக்கொண்டன. எழுத்தறியாத மாலுமியும் காசைக் கண்டவுடன் ஊரை அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா? எனவே, தன்னைக் காப்பதாக நம்பிய தெய்வத்தையோ, தன் மண்ணில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட புராணக் கதையையோ ஒவ்வொரு நகரமும் வெள்ளியில் பதித்தது. ஏதென்சின் காசில் ஒருபுறம் தலைக்கவசம் அணிந்த அத்தேனா, மறுபுறம் அவளுக்குரிய ஆந்தை. மக்கள் அக்காசை ‘ஆந்தை’ என்றே அழைத்தார்கள். கொரிந்தின் காசில் பெகாசஸ் என்னும் சிறகுள்ள குதிரை. அதற்குக் ‘குதிரைக்குட்டி’ என்று பெயர். பேச்சுவழக்கில் தெய்வங்கள் இவ்வளவு எளிமையாகப் புழங்கியிருக்கின்றன!

இக்காசுகளுள் அழகில் தலைசிறந்தவை சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்தில் பிறந்தன என்பது அறிஞர் பலரின் கருத்து. என் கருத்தும் அதுவே. அந்நகரின் கடலோரத்தில் ஒரு நன்னீர் ஊற்று இன்றும் இருக்கிறது. அரெத்தூசா என்னும் நீர்மகள், தன்னைத் துரத்திய ஆற்றுத் தெய்வத்திடமிருந்து தப்பிக் கடலடியில் ஓடி வந்து, இவ்விடத்தில் ஊற்றாக வெளிப்பட்டாள் என்பது கதை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கீமோன் என்ற கலைஞர் அவள் முகத்தை நேரெதிரே நம்மை நோக்கும்படி அச்சில் செதுக்கினார். கூந்தல் அலையாகப் பரவுகிறது. அதனூடே ஓங்கில்கள் நீந்துகின்றன. நெற்றிப் பட்டையில் தம் பெயரையும் நுண்ணெழுத்தில் பொறித்துவிட்டார். ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளி வில்லையில் இத்தனையும்! அடியச்சின்மேல் வில்லையை வைத்து, மேலச்சைப் பொருத்திச் சம்மட்டியால் அடித்தே காசுகளை உருவாக்கினார்கள். ஆகவே ஒரே அச்சில் பிறந்தவையாயினும் எந்த இரு காசுகளும் முழுதும் ஒத்திருப்பதில்லை. திருத்தூதர் பவுல் கைதியாக உரோமைக்குச் செல்லும் வழியில் மூன்று நாள் தங்கிய ஊர் இதுவே. அப்போது கீமோனின் காசுகளுக்கு வயது நானூற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது.

புராண உருவம் தாங்கிய ஒரு காசு எருசலேம் கோவிலுக்குள்ளேயே நுழைந்திருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். கி.மு. 126 அளவில் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தீர் நகரின் பெயரில் வெள்ளிச் செக்கேல்கள் அடிக்கப்பட்டன. எடை ஏறத்தாழ 14 கிராம். முன்புறம் அந்நகரின் தெய்வமான மெல்கார்த்து. கிரேக்கர் அவரை எராக்ளெசு என்றே கொண்டனர். பின்புறம் கழுகு, அதைச் சுற்றித் ‘தூயதும் புகலிடமுமான தீர் நகருடையது’ என்னும் பொருள்பட கிரேக்க எழுத்துகள். யூதர் ஒவ்வொருவரும் கோவிலுக்குச் செலுத்திய அரைச் செக்கேல் வரியைத் தீர் நகரத்து வெள்ளியில்தான் செலுத்தினர். உருவங்களை விலக்கிய சட்டத்தின் பாதுகாவலர்கள் வேற்றுத் தெய்வத்தின் தலையை எப்படி ஏற்றார்கள்? அவ்வெள்ளியின் தூய்மையே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. யூதச் சட்ட மரபைத் தொகுத்த மிஷ்னா நூலும் தீர் வெள்ளியையே அளவாகக் குறிப்பிடுகிறது. கோவில் வளாகத்தில் நாணயம் மாற்றுவோர் மேசை போட்டு அமர்ந்திருந்ததன் பின்னணி இதுதான். பேதுரு மீனின் வாயில் கண்ட ஸ்தாத்தேர், இருவருடைய வரிக்குச் சரியாக இருந்ததல்லவா? அது இத்தகைய காசாகவே இருந்திருக்க வேண்டும் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர். யூதாசு பெற்ற முப்பது வெள்ளிக் காசுகளைப் பற்றியும் அவ்வாறே சொல்வர். கி.பி. 66-இல் உரோமைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது யூதர் தாமே செக்கேல் அடித்தனர். அதில் தெய்வத்தின் தலை இல்லை. கிண்ணமும் மாதுளையும் இருந்தன.

அந்த முப்பது காசுகளின் கதை பிற்காலத்தில் வேறொரு திசையில் வளர்ந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஆலயங்கள் சிலவற்றில், ‘யூதாசு பெற்ற காசு’ என்று சொல்லி ஓரிரு பழைய வெள்ளிக் காசுகளைத் திருப்பண்டமாகப் போற்றினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணய அறிஞர் ஜார்ஜ் ஹில் 1905-இல் இவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் பல, ரோது தீவின் காசுகள்! ஒருபுறம் கதிரவன் தெய்வமான ஏலியோசின் முகம், மறுபுறம் ரோசாப்பூ. அம்முகத்தைச் சூழ்ந்த கதிர்களைக் கண்டவர்கள் அதைக் கிறிஸ்துவின் திருமுகம் என்று எண்ணிக்கொண்டார்கள். பூவின் அருகிலேயே ‘ரோதியருடையது’ என்று கிரேக்கத்தில் எழுதியிருந்தது; ஆனால் மேற்கு ஐரோப்பாவில் கிரேக்கம் படித்தவர் அந்நாளில் அரியர். ரோசாவைக் குறிக்கும் ‘ரோதோன்’ என்ற கிரேக்கச் சொல்லை ஊர்ப் பெயரோடு இணைத்த சிலேடையே அந்தப் பூ. காசு தன் ஊரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டவர்களோ தம் உள்ளத்தில் இருந்ததைக் கேட்டார்கள். இதைக் கண்டு நகைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பக்தி இல்லையேல் அவ்வெள்ளி என்றோ உருக்கப்பட்டுக் கரண்டியாகவோ வளையலாகவோ ஆகியிருக்கும்.

காசுகள் தம் ஊரைச் சொல்வதைப் பொறுமையோடு கேட்டவர் ஒரு குரு. பெயர் யோசேப்பு இலாரியுஸ் எக்கெல். 1737-இல் ஆஸ்திரியாவில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்தவர். 1773-இல் அச்சபை கலைக்கப்பட்டது. மறு ஆண்டே வியன்னாவில் பேரரசின் பழங்காசுத் தொகுப்புக்குப் பொறுப்பாளரானார், பல்கலைக்கழகப் பேராசிரியருமானார். அதற்கு முன் சேகரிப்பாளர்கள் காசுகளைப் பொன், வெள்ளி, செம்பு என்றும் பெரிது, சிறிது என்றும் அடுக்கி வைப்பது வழக்கம். அழகு பார்க்க அது போதும். பெல்லரென் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர்வாரியாக அடுக்கும் முறைக்கு வழிகாட்டியிருந்தார். எக்கெல் அம்முறையை முழுமையாக்கினார். ஸ்பெயினில் தொடங்கி மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் வரிசையில் ஒவ்வொரு காசையும் அது பிறந்த நகரத்தில் வைத்தார். 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அவரது இலத்தீன் நூலின் அடித்தளத்தில்தான் நாணயவியல் இன்றும் நிற்கிறது. கடைசித் தொகுதி வந்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். புறத்தெய்வங்களின் முகங்களிடையே வாழ்நாளைக் கழித்த இக்குருவின் பெயரை நம் குருமட வரலாற்றுப் பாடங்களில் நான் கேட்டதேயில்லை.

ஊரை அறிந்தால் போதாது, மண்ணையும் அறிய வேண்டும் என்பதை அவருக்குப் பின் வந்தவர்கள் உணர்ந்தார்கள். எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு சேர்ந்து கிடந்தது என்று தெரிந்தால்தான் ஒரு காசின் காலத்தையும் பயணத்தையும் உறுதியாகச் சொல்ல முடியும். இன்றைய சேகரிப்பின் வேதனை இங்கேதான் இருக்கிறது. 1984-இல் துருக்கியின் எல்மாலி அருகே சிலர் உலோகங்காட்டும் கருவியோடு தேடி, ஏறத்தாழ 1,900 வெள்ளிக் காசுகள் கொண்ட ஒரு புதையலைத் தோண்டியெடுத்தார்கள். அதில் ஏதென்சின் மிக அரிய பத்துத் திராக்மா ஆந்தைகளும் இருந்தன. காசுகள் கடத்தப்பட்டன, பெரும்பகுதி அமெரிக்காவில் விலைபோனது. துருக்கி அரசு நீண்ட வழக்காடியது. 1999-இல் பெரும்பாலான காசுகள் தாயகம் திரும்பின. ஆனால் அவை கிடந்த குழியை அளந்து வரைந்தவர் எவருமில்லை. உடன் கிடந்தவை எவையென்று குறித்து வைத்தவரும் இல்லை.