இலண்டன் அச்சில் நீலகிரிக் குடிவழி: ரிவர்சும் தோடர் உறவுமுறையும்

முன்னுரை

1906ஆம் ஆண்டு இலண்டனில் மாக்மில்லன் நிறுவனம் ‘தி டோடாஸ்’ என்னும் பெருநூலை வெளியிட்டது. அதன் ஆசிரியர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் (1864–1922). இலண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் பயின்ற மருத்துவரான இவர், பின்னர்க் கேம்பிரிட்ஜில் உளவியல் கற்பித்தார். அக்காலத்தில் நீலகிரியில் ஏறத்தாழ எண்ணூறு பேராக வாழ்ந்த தோடர் குடியினரின் எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இந்நூல் குடிவழிப் பட்டியல் தருகிறது. எழுத்து வழக்கற்ற ஒரு மக்களின் முன்னோர் பெயர்கள் முதன்முறையாக இவ்வளவு விரிவாக அச்சேறின. அப்பெயர்கள் எவ்வாறு திரட்டப்பட்டன, எவை விடுபட்டன, திரட்டியதன் விளைவை யார் ஏற்றனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குடிவழி முறையின் தோற்றம்

1898இல் ஏ. சி. ஹேடன் தலைமையில் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவில் ரிவர்ஸ் இடம்பெற்றார். பார்வை முதலிய புலன் திறன்கள் குடும்பவழி வருகின்றனவா என்றறிய அத்தீவினரின் உறவுகளைக் கேட்டு எழுதத் தொடங்கினார். தந்தை, தாய், மகவு, கணவன், மனைவி ஆகிய சில சொற்களை மட்டும் கொண்டு ஒருவரின் சுற்றம் முழுவதையும் வரைந்துவிட முடிந்தது. திருமணம், இடப்பெயர்ச்சி, பிள்ளைப்பேறு ஆகியவற்றைத் தலைமுறை வாரியாகக் கணக்கிடவும் இது வழிதந்தது. 1900இல் இலண்டன் மானிடவியல் கழகத்தின் இதழ் இம்முறையை வெளியிட்டது. 1901–02இல் ரிவர்ஸ் அதனை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்.

வில் தந்தவனே தந்தை

தோடரிடையே உடன்பிறந்த ஆடவர் பலர் ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. எனவே ‘இக்குழந்தையின் தந்தை யார்?’ என்னும் எளிய வினாவுக்கு விடை சடங்கில் இருந்தது. மனைவி கருவுற்ற ஏழாம் திங்களில் கணவன் அவளுக்குச் சிறு வில்லும் அம்பும் செய்து தருவான். மரத்தில் குடைந்த மாடத்தில் நெய்விளக்கு எரியும். அவள் வில்லை நெற்றியில் ஒற்றி அவ்விளக்கை நோக்கியிருப்பாள். வில் தந்தவனே குழந்தையின் தந்தை. உடன்பிறந்தோர் கணவராயின் மூத்தவன் வில் தருவதும் அனைவரும் தந்தையராகக் கருதப்படுவதும் வழக்கம். வேறொருவன் வில் தரும்வரை பின்வரும் பிள்ளைகளும் முதலில் தந்தவனுக்கே உரியர். அவன் இறந்துவிட்டாலும் அவ்வுரிமை நீடிக்கும்.

இவ்வேற்பாட்டின் பயன் குழந்தைக்குரியது. பிறக்கும் முன்பே அதற்குக் குலமும் மந்தும் எருமை மந்தையில் பங்கும் ஊரறிய உறுதியாயின. ரிவர்சின் பட்டியலில் ‘தந்தை’ என்னும் சொல் குருதி உறவை அன்றி இச்சமூகப் பொறுப்பையே குறிக்கிறது. இதனை அவர் உணர்ந்து பதிந்தமையே நூலின் பெருஞ்சிறப்பு.

பெயர் சொல்லியதன் விளைவு

இறந்தோர் பெயரை உறவினர் வாயால் சொல்வது தோடரிடையே விலக்கு. ஆகவே ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களைப் பிற குடும்பத்தாரிடம் ரிவர்ஸ் கேட்டறிய வேண்டியிருந்தது. பால்மனைச் சடங்குகளின் மறைபொருள்களும் இவ்வாறே வெளிப்பட்டன. பின்னர் நிகழ்ந்ததை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். சடங்கொன்றைக் காட்டியவர் சில நாளில் மனைவியை இழந்தார். புனித இடத்திற்கு அழைத்துச் சென்ற மற்றொருவர் நோயுற்றார். பிறிதொருவருக்குத் தீயால் இழப்பு நேர்ந்தது. மறைபொருளை அயலாருக்கு உரைத்தமையால் தெய்வங்கள் சினந்தன எனக் குறிசொல்வோர் கூறினர். அதன்பின் செய்தி தருவோர் விலகினர்.

இந்நிகழ்வுகளைத் தற்செயல் என வரலாற்றாசிரியர் கொள்ளலாம். தந்தவர்களுக்கோ அவை உண்மையான இழப்பு. தம் மக்கள் நடுவே அவர்கள் பழியும் சுமந்தனர். நூலின் புகழ் இலண்டனில் வளர்ந்தது. அதன் சுமை மந்துகளில் தங்கியது.

விடுபட்ட தாய்வழி

ரிவர்ஸ் தோடர் மொழி அறியாதவர். மொழிபெயர்ப்பாளர் வழியாகவே உசாவினார். அவர் கண்டவை தந்தைவழிக் குலங்கள். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர் மொழியையே கற்ற எம். பி. எமனோ, தோடரிடம் தாய்வழிக் குலங்களும் உண்டு என்றும், அவற்றுள்ளும் மணம் விலக்கு என்றும் 1937இல் வெளியிட்டார். ஒவ்வொரு தோடரும் தந்தைவழியாலும் தாய்வழியாலும் இரு குலங்களுக்கு உரியவர். பெண்கள் வழியே செல்லும் அக்கயிறு, பெயர்கள் நிறைந்த பட்டியல்களுக்குள் இருந்தும், கேட்கப்படாமையால் காணப்படாது போயிற்று. கேட்போரின் மொழி எல்லையே அறிவின் எல்லையும் ஆயிற்று.

மாமன் என்னும் சொல்

1907இல் இலண்டன் அரச ஆசியக் கழக இதழில் இந்திய உறவுமுறைத் திருமணம் பற்றி ரிவர்ஸ் எழுதினார். 1913இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டு நூலாயின. உறவுச்சொற்கள் சமூக வழக்கிலிருந்தே பிறக்கின்றன என்பது அவற்றின் மையக் கருத்து. தமிழருக்கு இது விளக்கம் வேண்டாதது. தாயின் உடன்பிறந்தானும் மனைவியின் தந்தையும் ‘மாமன்’. தந்தையின் உடன்பிறந்தாளும் மாமியாரும் ‘அத்தை’. தோடர் மொழியிலும் தாய்மாமனுக்கும் மாமனாருக்கும் ‘முன்’ என்பது ஒரே சொல். மலையிலும் சமவெளியிலும் நிலவும் இவ்வொப்புமை, திராவிட உறவுமுறை ஆய்வில் தோடரின் சான்று தமிழுக்கும் உரியது எனக் காட்டுகிறது.

முடிவுரை

டோரஸ் நீரிணையின் மெர் தீவினர் தம் நில உரிமைக்காகத் தொடுத்த மாபோ வழக்கில் கேம்பிரிட்ஜ் குழுவின் அறிக்கைகள் சான்றாயின. 1992இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்றது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திற்கான 2008 விதிகளும், பழைய ஆவணங்களில் காணப்படுவோருடன் தொடர்புகாட்டும் குடிவழியைச் சான்றுகளுள் ஒன்றாக ஏற்கின்றன. எனவே 1906இன் பட்டியல்களை நூலகப் பொருளாக மட்டும் கருதுவது பொருந்தாது. அவற்றைத் தோடர் மொழி அறிந்தோர் தோடருடன் அமர்ந்து மீளப் படித்து, தாய்வழியைச் சேர்த்து, எப்பெயரை வெளியிடலாம் என்பதை அம்மக்களே முடிவுசெய்ய விடுவது அடுத்த பணியாகும். தமிழியல் ஆய்வு அதில் துணைநிற்கக் கடமைப்பட்டுள்ளது.