விழிக்குப் பின்னால் காணும் உரிமை

கண் உலகைக் காட்டும். தன் பின்புறத்தைக் காட்டாது. கண்குழியில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் அந்த மறைவிலேதான் வளர்கிறது. பெரும்பாலும் முதியோரைப் பற்றும் இந்நோயில் வலி குறைவு. இமை தடிக்கும், விழி மெல்ல முன்தள்ளும். வயதின் கோளாறென்று உழைத்துத் தேய்ந்த மனிதன் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

1895இல் ஜேர்மனிய அறிஞர் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. மென்சதையைப் பிரித்துக் காட்டவில்லை. இந்நோயோ பொதுவாக எலும்பை அரிப்பதில்லை. பிசைந்த மா போல விழியைச் சுற்றிப் படிந்துவிடும். 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.ரி. இயந்திரம் முதல் நோயாளியின் தலையைக் குறுக்குவெட்டாகப் படம் பிடித்தபோதுதான் திரை விலகத் தொடங்கியது. பின்வந்த எம்.ஆர்.ஐ. கட்டியை அழற்சியினின்று பிரித்தறிய உதவியது. பெற் படம் நோய் உடலில் வேறெங்கும் பரவியுள்ளதா என்று தேடுகிறது. ஆயினும் படம் இறுதித் தீர்ப்பன்று. சதைத் துணுக்கை நுண்காட்டியிற் கண்டே நோயை உறுதி செய்வர்.

கதிர்ச் சிகிச்சைக்கு இந்நோய் நன்கு இணங்கும். ஆனால் ஆண்டுகள் கழிந்தும் அது திரும்பக்கூடும். ஆதலால் மீண்டும் மீண்டும் பரிசோதனை வேண்டும். வேண்டியபோது படமும் வேண்டும். இந்த 'மீண்டும்' என்ற சொல்லிலேதான் யாழ்ப்பாணத்தின் சரித்திரம் குறுக்கிடுகிறது.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 60க்கும் மேற்பட்ட மாணவரை வைத்தியராக்கினார். 1860களில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். 'இரணவைத்தியம்' முதலிய நூல்களை வெளியிட்டார். மதம் பரப்புவதும் அவர் நோக்கமே. எனினும் விஞ்ஞானத்துக்குத் தமிழ் போதாதென்ற வாதத்தை அவர் செயல் முறியடித்தது.

பின்னர் யுத்தம் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மின்சாரமும் மருந்தும் எரிபொருளும் அருகின. தெற்கே செல்லும் பாதை அடைபட்டது. சி.ரி. உலகெங்கும் பரவிய அக்காலத்தில், மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலை குடாநாட்டு நோயாளிக்குக் கடல்கடந்த தேசம்போல் ஆயிற்று.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்து நிதி திரட்டினர். அதன் பயனாகத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் மகரகமவுக்குப் பெற் இயந்திரம் வாங்கவும் பல இன மக்கள் காசு சேர்த்தனர். யுத்தம் பிரித்த மக்களை நோயின் துயர் ஒன்றாக்கியது, இதைப் போற்றுகிறோம். ஆனால் மக்களின் ஈகை அரசின் கடமைக்கு ஈடாகுமா?

இன்றும் அப்படங்களின் அறிக்கை ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. தன் கண்ணைப் பற்றிய செய்தியை நோயாளியால் வாசிக்க முடிவதில்லை. கிறீன் தமிழில் கற்பித்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் இந்நிலையா? இயந்திரம் வந்துவிட்டதனால் மட்டும் விஞ்ஞானம் மக்களுடையதாகிவிடாது. அது எட்டும் தொலைவில் இருக்கவேண்டும். மக்களின் மொழியிலும் பேசவேண்டும். இவ்விரண்டையும் சலுகையாக அன்று, உரிமையாகக் கேட்போம்.